நீ ஏன் அவன் காடியில ஏறுனே?

முதலில் கேட்டது நான்தான். போன வருஷம் ஒரு ராத்திரி, பன்னிரண்டு மணி தாண்டி அண்ணன் மகள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அழவில்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. தன்னை ஒருவன் வல்லுறவு செய்ததை நாலே வார்த்தையில் சொல்லி முடித்தாள். என் வாயில் வந்தது, "நீ ஏன் அவன் காடியில ஏறுனே?"

ஊர்ப் பெயர் வேண்டாம். மலேசியாவின் பேராக்கில், பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டணம். பெயரைச் சொன்னால் வீட்டையே கண்டுபிடித்துவிடுவார்கள். அவளுக்கு 22 வயது, தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டுவிட்டாள். அவன் எல்லாருக்கும் தெரிந்தவன், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். காரை நிறுத்தி, "வா, வீட்டுல எறக்கி விடறேன்" என்றிருக்கிறான்.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். அவளைக் குளிக்க வைத்தேன், உடுப்பை மெஷினில் போட்டுத் துவைத்தேன். தையல்காரி நான், கறையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. விடியற்காலையில்தான் 15999 ஞாபகம் வந்தது. தாலியான் காசிஹ், அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் ஆள் இருக்கும். எடுத்த அம்மா, "நேரா அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. முதல்ல போலீஸ் ரிப்போர்ட் எடுத்துட்டுத்தான் வரணும்னு இல்ல. துவைச்ச துணியையும் கொண்டு போங்க" என்றார்.

எமர்ஜென்சியில் இதற்கென்றே தனி அறை இருக்கிறது, ஓ.எஸ்.சி.சி. (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) என்கிறார்கள். 1994இல் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் தொடங்கியதாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இருபது வருஷமாக மாத்திரை வாங்கப் போகிற எனக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது. டாக்டர் சின்னப் பெண். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் "செய்யலாமா?" என்று கேட்டார், இவள் தலையாட்டும் வரை காத்திருந்தார். கர்ப்பம் தரிக்காமலிருக்க மாத்திரை, எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க மருந்து, இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டுமாம். நான் கொண்டுபோன பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டு, திட்டாமல், துணியைக் காகிதப் பையில் போடச் சொன்னார். பிளாஸ்டிக்கில் ஈரம் அடைந்து தடயம் கெட்டுப்போகும். குளித்ததாலும் துவைத்ததாலும் எல்லாமே போய்விட்டதாக அர்த்தமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் கவுண்டரில் இருந்த பையன், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, மலாயில் கேட்டான்: "அவன் உன் போய்பிரெண்டா? என்ன உடுத்தியிருந்தே?" ராத்திரி நான் கேட்டதற்கே யூனிஃபார்ம் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. இவள் என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். தழும்பு இரண்டு நாள் இருந்தது.

பிறகு, பாலியல் குற்றங்களையும் பெண்கள், குழந்தைகள் வழக்குகளையும் விசாரிக்கிற போலீஸின் டி11 பிரிவிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் வாக்குமூலம். வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன். "நீங்க கேட்டதையும்தான் கேட்டாங்க அத்தை, ஏன் ஏறுனேன்னு. பஸ் எத்தனை மணிக்கு, முன்சீட்டா பின்சீட்டா, கதவை யாரு பூட்டுனா, எல்லாம்." அந்த அம்மா பதிலை எழுதிக்கொள்வதற்காகக் கேட்டிருக்கிறார். நான் பதிலுக்காகவா கேட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். பழைய தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆட்களை மேய்க்கிற மேற்பார்வையாளராக, இருந்த ஒருவர், நாங்கள் மாமா என்போம், "ஊசி எடம் குடுக்காம நூல் நுழையுமா?" என்று ஆரம்பித்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷமாக ஊசியில் நூல் கோக்கிறவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். "ஊசி எங்க மாமா எடம் குடுக்குது? அசையவிடாம இறுக்கிப் பிடிக்கிறது ஒரு கை, எச்சில் தொட்டு நூலைத் திணிக்கிறது இன்னொரு கை. ரெண்டும் என் கைதான்" என்றேன். கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம் மட்டும்தான்.

அப்புறம் அவர் விட்ட இடத்தில் அண்ணி பிடித்தாள்: அந்த நேரத்துல ஒரு பொட்டப்புள்ள வெளியே இருக்கலாமா? எங்கள் அம்மா காலை நாலரைக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால் வெட்டப் போனவர். அந்தப் பெண்களை விடியலுக்கு முன்னால் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, வரச் சொன்னவர்கள், "ஏம்மா இருட்டுல வந்தே?" என்று கேட்டதில்லை. மரத்துக்கடியில் அவர்களுக்கு என்னென்ன நடந்தது என்று அம்மா வாய் திறந்ததேயில்லை.

ஜாக்கிரதை வேண்டாமா என்பவர்களுக்கு: என் மகளிடம் இன்றைக்கும் சொல்கிறேன், ஏறுகிற காடியின் நம்பரை எனக்கு அனுப்பு என்று. அது அவள் பத்திரமாக வீடு வர. நடந்து முடிந்த பிறகு அதையே எடுத்துப் பேசினால் அவன்தான் பத்திரமாக வீடு போவான். பேசி முடித்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொன்னார். வல்லுறவுக்குத் தண்டச் சட்டம் 376ஆவது பிரிவில் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. கோவில் கமிட்டியில் பேசித் தீர்க்கிற சங்கதியா இது?

இவளுக்கு வேறு பயம். பழைய காதலன் கதையைக் கோர்ட்டில் இழுப்பார்களோ என்று. வக்கீல் ஒருவர் விளக்கினார்: 1950 சாட்சியச் சட்டத்தில் 146ஏ என்று 1989இல் சேர்த்திருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவனைத் தவிர வேறு ஆண்களோடு அவளுக்கிருந்த உறவைக் கிளற முடியாது, சில விதிவிலக்குகள் தவிர. அன்றைக்குத்தான் இவள் ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டாள்.

ஒரு மாதமாக ஒரு தகவலும் இல்லை. இப்படிப்பட்ட வழக்கில் ரிப்போர்ட் கொடுத்து நாலு வாரம் ஆகிவிட்டால் விசாரணை எந்த அளவில் இருக்கிறதென்று ஸ்டேஷனில் எழுதிக் கேட்கலாம், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம், 107ஏ. கடிதத்தை இவளே மலாயில் எழுதினாள், நான் கூடப் போனேன். ஃபைல் அரசுத் தரப்பு வக்கீலுக்குப் போயிருப்பதாகப் பதில் வந்தது. அதற்கு மேல் இன்னும் நகரவில்லை.

"அந்த சுடிதாரைத் திருப்பித் தருவாங்களா அத்தை?" என்று ஒருநாள் கேட்டாள். தீபாவளிக்கு நான் தைத்துக் கொடுத்தது. வழக்கு முடியும் வரை அவர்களிடம்தான் இருக்கும் என்றேன்.

போன வாரம் மாமா கடைக்கு வந்தார், கால்சட்டையை மடித்துத் தைக்க. அவளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் ஊசியில் நூல் கோக்கும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து வெள்ளியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.