வேலூர் வெயிலும் பிராசஸரும்

"அண்ணா, கேம் மறுபடியும் தேங்குது!"

120-ல ஓடின எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்குத் திரையில வர்ற படங்களோட எண்ணிக்கை) 30-க்கு விழுந்துடுச்சு. டிரைவர் சாஃப்ட்வேரை மாத்தி, விண்டோஸையே புதுசாப் போட்டு, ரெண்டு நாள் வீண்.

இன்னிக்குத்தான் கம்ப்யூட்டரோட சூட்டைப் பார்த்தேன். பிராசஸர் 100 டிகிரி! அந்தச் சூட்டுல அது தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

பெட்டியோட பக்கவாட்டு மூடியைக் கழட்டினா, பிராசஸரைக் குளிர்விக்கிற கூலரோட தகடுகளுக்கு நடுவுல கம்பளி மாதிரி தூசி. சத்துவாச்சாரியில ஹைவே ஓரத்து வீடு, வேறென்ன வரும். பாதி பூனை முடி.

ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு ஊதினோம். பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்துற பேஸ்ட் காஞ்சிருந்துச்சு, அதைத் துடைச்சுப் புதுசா வச்சோம். இப்போ 78.

சுத்திலும் பாறை மலை, ராத்திரியிலயும் அனல். மத்தியானம் கடைக்காரரே ஷட்டரை இறக்கிட்டுப் படுக்கிற ஊருல, இந்தப் பெட்டி மட்டும் ஏன்டா முழு வேகத்துல ஓடணும்னேன்.

தம்பி ஹெட்செட்டை மாட்டிட்டான்.