சிம் இல்லாத டேப்லெட்டில் பயணத்துக்கு வைத்திருக்க வேண்டிய ஆப்கள்

வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் என்றால், முதலில் வரைபடத்தைக் கவனியுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் மேப்ஸ்' போய், போகும் ஊரைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இணையம் இல்லாதபோது அது கார் வழியை மட்டுமே காட்டும்; நடைவழி, பேருந்து வழி கிடைக்காது. அதனால் கூடவே ஆர்கானிக் மேப்ஸ் அவசியம். பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்குவது, விளம்பரமே இல்லை, சந்துபொந்து நடைபாதைகூட ஆஃப்லைனில் வரும்.

இன்னொன்று: வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது. வரைபடம் திறக்கும், நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளியை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் பாருங்கள். 'வேர் இஸ் மை டிரெயின்' செல்போன் கோபுரத்தை வைத்து ரயில் இருக்கும் இடத்தைச் சொல்வதால், அதைப் போனிலேயே வைத்திருங்கள்.

படம் பார்க்க விஎல்சி போதும். எம்கேவி கோப்பு, தனி சப்டைட்டில் எல்லாம் ஓடும். நெட்ஃபிளிக்ஸில் இறக்கிய சில படங்கள் ஒருமுறை ஓடவிட்டபின் 48 மணி நேரத்தில் காலாவதியாகும், ஆகவே வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழையும் போகும் ஊர் மொழியையும் முன்பே இறக்குங்கள். கிளம்பும் முதல்நாள் இரவு ஏரோபிளேன் மோடு போட்டு, வரைபடத்தையும் மொழிபெயர்ப்பையும் திறந்து பாருங்கள்.