வலது கரையில் மத்தியூஸ்

நம் கல்லூரி மைதானத்தில் வலது கரையில், அதாவது வலது ஓரத்தில், உதைபந்தாட்டம் ஆடியவர்களுக்கு இங்கிலாந்து வீரர் ஸ்டான்லி மத்தியூஸ் பழக்கமான பெயர். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அவருடைய ஆட்டத்தின் நுட்பம் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பந்தைக் காலோடு ஒட்டியபடி, எதிரணியின் இடது பின்கள வீரரை நோக்கி மெதுவாகவே போவார். கிட்டத்தட்ட எட்டித் தொடும் தூரத்தில் உடலை இடப்பக்கம், அதாவது மைதானத்தின் உட்புறம் சாய்ப்பார். மறிப்பவரின் பாரம் அந்தப் பக்கக் காலில் விழுந்ததும், வலது பாதத்தின் வெளிவிளிம்பால் பந்தைக் கோட்டோரம் தட்டிக்கொண்டு பறந்துவிடுவார். பாரம் விழுந்த காலை மாற்றி ஊன்றாமல் மற்றவரால் திரும்ப முடியாது. முதல் பத்து யார் தூர ஓட்டத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். அவர் செய்யப்போவது தெரிந்தும் தடுக்க முடியாததற்கு அதுதான் காரணம். பழகுபவர்கள் பெரும்பாலும் தூரத்திலேயே சாய்ந்துவிடுகிறார்கள், அல்லது பந்தைப் பலமாகத் தட்டிவிடுகிறார்கள்.

இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தின் 1953 இறுதியாட்டத்தில் அவருடைய அணியான பிளக்பூல் 1–3 எனப் பின்தங்கியிருந்தது. எதிரணியான போல்டனின் இடது பின்கள வீரருக்குத் தசைப்பிடிப்பு. அக்காலத்தில் மாற்று வீரரை இறக்க விதியில்லை. மத்தியூஸ் அந்தப் பக்கத்தையே விடாமல் தாக்கினார். சக வீரர் மோர்டென்சன் மூன்று கோல் அடித்தார். கடைசிக் கணத்தில் மத்தியூஸ் பின்னோக்கித் தந்த பந்தை இன்னொரு சக வீரர் பெரி வலைக்குள் அடித்தார், 4–3. பந்துக்குப் பின்னால் நிற்பவர் ஓஃப்சைட் (விதிக்குப் புறம்பாக முன்னால் நிற்பது) ஆகமாட்டார் என்பதால் கோல் கோட்டருகிலிருந்து பின்னோக்கித் தருவது எப்போதும் ஆபத்தான பந்துதான்.

மத்தியூஸின் தந்தை இங்கிலாந்தின் ஹான்லியில் முடிதிருத்துநர், குத்துச்சண்டை வீரரும்கூட. காலைப் பயிற்சியும் கட்டுப்பாடும் அங்கிருந்து வந்தவை. மத்தியூஸ் புகைக்கவில்லை, குடிக்கவில்லை, திங்கட்கிழமைகளில் உபவாசம். சில ஆட்டங்களிலேயே தேய்ந்துபோகும் அளவுக்கு இலகுவான சப்பாத்தைத் தனக்கென்று செய்வித்தார்.

1956 இல், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அவருக்குத்தான். 1961 இல், 46 வயதில் தன் பழைய கழகமான ஸ்டோக் சிட்டிக்குத் திரும்பியபோது, முந்தைய ஆட்டத்துக்கு 8,409 பேர் வந்த மைதானத்துக்கு அவருடைய முதல் ஆட்டத்தன்று 35,974 பேர் வந்தார்கள். 1963 இல் ஸ்டோக் லீக்கின் அன்றைய உச்சப் பிரிவான முதலாம் பிரிவுக்கு ஏறியது. 1965 பெப்ரவரி 6 அன்று, 50 வயதும் ஐந்து நாளும் ஆன நிலையில், ஃபுல்ஹமுக்கு எதிராகக் கடைசி லீக் ஆட்டம்.

பிறகு போர்ட் வேல் கழகத்தில் முகாமையாளராக அவர் சோபிக்கவில்லை. ஆபிரிக்காவில் சிறுவர்களைப் பழக்கியதுதான் அவருடைய பிற்கால வாழ்வின் பெரிய வேலை என்பேன். நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த 1975 இல், தென்னாபிரிக்காவின் சொவெட்டோவைச் சேர்ந்த கறுப்பின மாணவர் அணியொன்றைப் பிரேசிலுக்குக் கூட்டிச்சென்றார்.