மணிமுத்தாறு போய்ச் சேருமிடம்: ஏழாம் வகுப்புடன் பிச்சாவரத்தில் ஒரு நாள்

விருத்தாசலத்துக்கு அருகே மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. நம் ஆற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், பிள்ளைகள் ஒரே குரலில் ‘கடலுக்கு’ என்பார்கள். எந்த ஊர் வழியாகப் போகிறது, போய்ச் சேரும் இடத்தில் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நான்கு ஆண்டுகளாக, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் வேர்களைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிக்கொண்டிருந்த எனக்கு, இந்த இரண்டு பாடங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பது ஒரு நாள் நிலப்படத்தை விரித்து வைத்திருந்தபோதுதான் உறைத்தது. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு, சுந்தரர் பாடிய தலமான கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. அந்த முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பள்ளிச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் நள்ளிரவில் புறப்பட்டு, விடியலில் ஒரு கோவில், பிறகு ஓர் அணை, ஒரு பூங்கா, மாலையில் ஒரு கடற்கரை என ஒரே நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டு மறுநாள் அதிகாலையில் திரும்புவதுதான் வழக்கம். அப்படி இரண்டு முறை போயிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அதில் நினைவில் நின்றவை பேருந்தில் போட்ட பாட்டும் வாந்தியும் மட்டுமே. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓர் இடத்தில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வாய்த்தால்தான் கேள்வி பிறக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே இந்த முறை ஒரே இடம் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். சிதம்பரம் கோவிலைக்கூடப் பட்டியலில் சேர்க்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சில பெற்றோர், கொடுக்கும் பணத்துக்கு இது போதுமா என்று கேட்டார்கள். இரண்டு தாய்மார்கள் கூடவே வருவதாகச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

ஜனவரி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு 38 பிள்ளைகளும் பெரியவர்கள் ஐந்து பேருமாகக் கிளம்பினோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் எவர்சில்வர் தூக்குகளில் வந்தன. ஒரு பெட்டியில் மூன்று கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. முதல் புட்டியில் முந்தைய நாள் மாலையே மணிமுத்தாற்றுத் தண்ணீரை நிரப்பிச் சீட்டு ஒட்டியிருந்தோம். சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது வண்டி பழுதாகி ஒன்றரை மணி நேரம் சாலையோரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஒன்பது மணிக்குப் படகில் ஏற வேண்டும், அதற்குப் பிறகு கடலின் ஏற்றம் முடிந்து தண்ணீர் வடியத் தொடங்கிவிடும் என்று முன்கூட்டியே விசாரித்துத் திட்டமிட்டிருந்ததால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தருகே உடன்வந்த ஆசிரியர் மட்டும் இறங்கி இரண்டாவது புட்டியை நிரப்பிக்கொண்டு வந்தார். கிள்ளையைத் தாண்டிப் படகுத்துறையை அடைந்தபோது பத்தரை மணி.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் விசைப்படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. விசைப்படகு விரிந்த நீர்ப்பரப்போடு நின்றுவிடும். கிளைகள் தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். உயிர்காப்பு அங்கியை ஒவ்வொரு பிள்ளைக்கும் நானே இழுத்துப் பார்த்துக் கட்டிவிட்டு, படகுக்கு ஐந்து பேராக ஒன்பது படகுகளில் ஏறினோம். என் படகை ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். வாய்க்காலுக்குள் நுழைந்ததுமே அவர் துடுப்பை எடுத்து வைத்துவிட்டு மூங்கில் கழியைக் கையில் எடுத்தார். வெயிலும் காற்றும் ஓசையும் ஒரே சமயத்தில் அடங்கின. அதுவரை கூச்சலிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

முன்னால் போன படகுகள் திரும்பி வர இடம் விட வேண்டியிருந்ததால் ஒரு வளைவில் ஒதுங்கி நின்றோம். நிற்க நிற்கத் தண்ணீர் குறைந்தது. படகின் அடி சேற்றில் தட்டியது. ‘தண்ணி வடியுது டீச்சர். பயப்படாதீங்க, அந்தப் படகுங்க வரட்டும், நான் எறங்கித் தள்ளிடறேன்’ என்றார் படகோட்டி. தாமதத்துக்காக வழியெல்லாம் வருந்திக்கொண்டே வந்த எனக்கு அந்த இருபது நிமிடங்கள்தான் பயணத்தின் பெரும்பேறாக அமைந்தன. நாங்கள் நினைத்த நேரத்துக்கு வந்திருந்தால் அந்தச் சேறு முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கும்.

சேற்றுத்திட்டு மெல்ல வெளியே வந்தது. முதலில் தெரிந்தவை, பென்சில்களை நட்டு வைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நின்ற வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள். பிறகு முட்டை அழுகிய வாடை வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காற்றுப் புகாத சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடின் வாடை அது என்றும், மண்ணுக்குள் மூச்சு விட வழியில்லாததால்தான் இந்த மரம் வேரையே மேலே அனுப்பி வைத்திருக்கிறது என்றும் சொன்னேன். கரும்பலகையின் முன் நின்று பலமுறை சொன்ன அதே வாக்கியம்தான். ஆனால் இங்கே வாடையும் வேரும் முன்னால் இருந்தன. விளக்கம் பின்னால் வந்தது. பிறகு சேற்றுக்குள் இருந்து சிறு நண்டுகள் வெளிப்பட்டன. ஆண் நண்டுகளுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக இருந்தது. அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டின. சேற்றின்மேல் துடுப்புகளை ஊன்றித் துள்ளித் துள்ளிப் போன மீனைக் கண்ட பையன் ஒருவன், ‘டீச்சர், மீனு நடக்குது!’ என்று எழுந்து நிற்கப் போய், படகே ஆடிவிட்டது.

படகோட்டி ஒரு வெண்கண்டல் கிளையைக் கழியால் அருகே வளைத்து, ‘இலையைப் பறிக்காம, வெரலால தடவி நாக்குல வெச்சுப் பாருங்க பாப்பா’ என்றார். உப்பு! இந்த மரம் தண்ணீரோடு உறிஞ்சிய உப்பை இலைகளில் இருக்கும் சுரப்பிகள் வழியாக வெளியேற்றிவிடுகிறது. உடனே ஒரு மாணவி எதிர்க்கரையில் இருந்த சுரபுன்னை இலையையும் தடவிப் பார்க்க வேண்டும் என்றாள். அதில் உப்பு இல்லை. இரண்டும் ஒரே தண்ணீரில்தானே நிற்கின்றன என்று அவள் கேட்ட கேள்விக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம். கொடி விட்டுக் கால் ஊன்றியது போல் நிற்கும் சுரபுன்னையின் வேர்கள், உப்பின் பெரும்பகுதியை உள்ளே விடாமல் வாசலிலேயே தடுத்துவிடுகின்றன. ஒன்று உள்ளே விட்டு வெளியே தள்ளுகிறது. மற்றொன்று முதலிலேயே தடுக்கிறது. சுரபுன்னையில் முருங்கைக்காய்போலத் தொங்கியவை காய்கள் அல்ல, தாய்மரத்திலேயே விதை முளைத்து வளர்ந்த நாற்றுகள் என்பதையும் அங்கேயே பார்த்தார்கள். அவை விழுந்த இடத்துச் சேற்றில் ஊன்றிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்திருந்தால் மிதந்துபோய் வேறு கரையைப் பிடிக்கும்.

சற்றுத் தள்ளி, இலைகள் சிவந்து நின்ற ஒரு மரத்தைக் காட்டி, அதை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றார் படகோட்டி. அதுதான் தில்லை. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் தற்காலிகமாகப் பார்வையிழப்பும் உண்டாகும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான, கோவிலின் தலமரமான இந்த மரம் இப்போது நகருக்குள் காடாக இல்லை. பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். கோவிலுக்குப் போகவில்லையே என்று காலையில் குறைப்பட்டுக்கொண்ட தாய் ஒருவர், படகில் உட்கார்ந்தபடியே அந்த மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

திரும்பும் வழியில் இடுப்பளவுத் தண்ணீரில் இருளர் பெண்கள் இருவர் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. பறி எனப்படும் பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைக் கூடைக்குள் போட்டார்கள். எங்கள் படகுகள் அனைத்தும் நின்றுவிட்டன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விரல் நுனியால் மட்டும் கண்டுபிடிக்கும் அந்தக் கைகளைப் பற்றி எந்தப் பாடத்திலும் நான் நடத்தியதில்லை. அது என் குறை. ‘எப்படி அக்கா தெரியுது?’ என்று பிள்ளைகள் கேட்க, ‘கைக்குத் தெரியும்’ என்று சிரித்தபடியே நகர்ந்து போனார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு காட்சிக் கோபுரத்தின் மேல் சிறு சிறு குழுக்களாக ஏறினோம். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள காட்டை அங்கிருந்து பார்த்தால் என்றைக்கும் இப்படியே இருந்தது போலத் தோன்றும். உண்மை வேறு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970கள் வரை விறகுக்காகவும் மரத்துக்காகவும் இந்தக் காடு பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்டது. நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் குழிந்தது; உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியானது; உப்பு ஏறி ஏறி, உப்பைத் தாங்கும் மரமே முளைக்க முடியாத நிலமாயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளைகளுமாக வெட்டி, ஏறி இறங்கும் கடல்நீர் உள்ளே வந்து வெளியே போகும்படி செய்தார்கள்; கரைகளில் நாற்று நட்டார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவது என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கடல்நீருக்கும் வாய்க்கால் வெட்டலாம் என்பதுதான் அவர்களுக்குப் புதுமை. 2022இல் இந்தக் காடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அலையாத்தி என்ற பெயரைப் பற்றியும் பேசினோம். பாலை ஆற்றுகிறோம், பசியை ஆற்றுகிறோம், அதுபோல் அலையை ஆற்றுவதால் அலையாற்றி என்றேன். 2004 டிசம்பர் 26 அன்று நடந்ததைச் சொல்லும்படி படகோட்டியைக் கேட்டபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டதையும், கடலை ஒட்டி மறைப்பில்லாத ஊர்களில் உயிர்கள் போனதையும் இரண்டே வாக்கியங்களில் சொன்னார். இந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

இங்கே பிள்ளைகளை அழைத்துவர நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: புறப்படும் முன் அன்றைய கடல்நீரின் ஏற்ற இறக்க நேரத்தை விசாரித்து, தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஏறி, வடியும்போது திரும்பும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலைகளையும் பார்க்காமல் இந்தக் காட்டைப் பார்த்ததாகாது.

மூன்றாவது புட்டியைப் படகுத்துறையிலேயே நிரப்பியிருந்தோம். திங்கட்கிழமை மூன்று எவர்சில்வர் தட்டுகளில் ஒரே அளவு தண்ணீரை ஊற்றிப் பள்ளித் திண்ணையில் வெயில் படும்படி வைத்தோம். வியாழக்கிழமை பார்த்தபோது பிச்சாவரத் தட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மணிமுத்தாற்றுத் தட்டில் லேசான படலம் மட்டும்; ஆற்றுநீரிலும் சிறிதளவு தாதுக்கள் கரைந்திருக்கும் என்று விளக்கினேன். புவனகிரித் தட்டில் அதைவிடத் தடித்த படலம் இருந்தது. சுரபுன்னை இலையைத் தடவிய அதே மாணவி, ‘கடல் புவனகிரி வரைக்கும் வருதா டீச்சர்?’ என்று கேட்டாள். ஒரு முறை எடுத்த தண்ணீரை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது, ஏற்றத்தின்போது ஒன்றும் வடிந்த பிறகு ஒன்றுமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

அடுத்த வாரம் அவள் துணிப்பையில் இரண்டு புட்டிகளுடன் வகுப்புக்கு வந்தாள். லாரி ஓட்டும் அவளுடைய அப்பா சிதம்பரம் போகும்போது ஒன்றும் திரும்பும்போது ஒன்றுமாகப் பாலத்துக்குக் கீழே இறங்கி எடுத்து வந்தவை. இரண்டின் மேலும் சீட்டு ஒட்டி, எடுத்த நேரத்தை அவளே எழுதியிருந்தாள்.