கிராண்டில் எழுதாத மண்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணியைச் சுற்றி, பால் மரம் (ரப்பர்) சாய்ந்த இடங்களில் ஒவ்வொன்றாகத் தாமான் என்கிற வீடமைப்பு எழும்புகிறது. நிலம் வாங்க வருகிறவர் முதலில் நிலப் பட்டாவான கிராண்டைக் கேட்பார், பிறகு எத்தனை ரெலோங் என்பார். கெடாவில் இன்னும் அந்தக் கணக்குதான், ஒரு ரெலோங் ஏறக்குறைய 0.71 ஏக்கர். லேண்ட் ஆபீஸில் தேடல் எடுத்தால் அடமானம், தடை, நில நிபந்தனை எல்லாம் தெரிந்துவிடும். மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இராது.

மரம் நின்ற பரப்பில் நஞ்சுத் தொல்லை பெரும்பாலும் குறைவு. தொல்லை நான்கைந்து இடங்களில் குவிந்திருக்கும்: களைக்கொல்லி மருந்து ஸ்டோர், மருந்து கலக்கிய தண்ணீர்த் தொட்டியடி, லோரிப் பட்டறை, டீசல் தொட்டி, காலி டின்களைப் புதைத்த குழி. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. அந்த மருந்தே வருவதற்கு முந்திய காலத்தில் ரப்பர் தோட்டங்களில் புல்லுக்கும் லாலான் களைக்கும் அடித்தது சோடியம் ஆர்செனைட். அதிலுள்ள ஆர்செனிக் ஒரு தனிமம், எத்தனை வருஷம் ஆனாலும் மக்காது. செம்மண்ணின் இரும்பைப் பிடித்துக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்க வரைபடத்தைவிட மருந்தடித்த பாட்டிமார்தான் உதவி. ஸ்டோர் எங்கே என்று கேட்டால் கடைசியாக இருந்த ஸ்டோரைக் காட்டுவார்கள். "அதுக்கு முன்னால எங்கே இருந்துச்சு பாட்டி, மருந்துத் தோம்பை எங்கே கழுவுவீங்க?" என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். பதில் அநேகமாக ஓடைக்கரையில் போய் முடியும்.

மண் எடுப்பதில் வழக்கமான தவறு ஒன்று உண்டு. காசு மிச்சம் பிடிக்க, ஐந்து இடத்து மண்ணை ஒரே பையில் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. ஓரிடத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஆர்செனிக், மற்ற நான்கிலும் 10 என்று வைத்துக்கொண்டால் கலவையில் 48தான் வரும். நஞ்சிருந்த இடம் காணாமல் போய்விடும். சந்தேகமான இடங்களில் தனித்தனியாக, மேல் 15 சென்டிமீட்டரில் ஒன்று, அரை மீட்டரில் ஒன்று, ஒரு மீட்டரில் ஒன்று என எடுப்பதே சரி. முடிவை ஒப்பிட சுற்றுச்சூழல் துறை 2009இல் வெளியிட்ட மாசடைந்த நில வழிகாட்டிகள் உள்ளன. வழிகாட்டி என்பதாலேயே பலர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை.

எப்போது எடுப்பது என்பது இன்னும் முக்கியம். புல்டோசர் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிவிட்டால், ஸ்டோரடி மண் யார் வீட்டுக் கறிவேப்பிலைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைப் பிரித்து விற்க நிலச் சட்டம் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்க 124ஆம் பிரிவில் மனு. ஃபைல் மேசை மேசையாக நகரும் அந்த மாதங்கள்தாம் மண் பரிசோதனைக்கு ஏற்றவை. ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் லாயருக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஓடை ஒட்டிய லாட்டில் பரப்பிலிருந்து கழிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனத் துறை) வழிகாட்டியின்படி 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் அகல ஓடைக்கு 10 மீட்டர் ஒதுக்க வேண்டும்.

கடைசியாக, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டுக் கூரை. பழைய சிமெண்டுத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்று கண்ணால் சொல்ல முடியாது, ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். இருந்தால் தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, தகட்டை உடைக்காமல் இறக்கி, இரட்டை பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். கூரையோடு சேர்த்து இயந்திரத்தால் இடித்தால் எல்லாம் தூளாகிவிடும். தூளாகவும் இழையாகவும் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் கழிவு, 2005 அட்டவணைக் கழிவு விதிமுறையில் எஸ்டபிள்யூ 201 என்ற வகை. அதை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்ற லோரியில்தான் அனுப்பலாம். இதற்குக் காசு ஆகும். ஆகவே இடிப்புக் கொட்டேஷனில் கூரைக்கென்று தனி வரி இல்லையென்றால், கையெழுத்துப் போடும் முன் குத்தகைக்காரரிடம் ஒன்று கேட்கலாம்: இந்தத் தகடெல்லாம் எந்தச் செம்பனைக் காட்டுக்குப் போகிறது?