பல்லி, பச்சை மிளகாய், முப்பது சதவீத வரி

2019இல் ஒரு தனியார் சேனலின் காமெடி வினாடி வினாவில் கலந்துகொண்டேன். பதில் தப்பானால் தலையில் முட்டை, சரியாகச் சொல்லப் பார்த்தால் வாயில் மிளகாய் என்கிற ரகம். 'எப்படிப் போறது, என்ன பண்ணுவாங்க?' என்று இன்னும் யாராவது கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போகோ சேனலில் ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனை ஒரு வார்த்தை புரியாமலே 'தகேஷிஸ் காசில்' என்ற ஜப்பானிய விளையாட்டு நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரித்தவன் நான். பிரிட்டனில் 2003இல் சேனல் ஃபோரில் ஜிம்மி கார் என்ற காமெடியன் நடத்திய வினாடி வினா 'டிஸ்ட்ராக்‌ஷன்' அதற்கும் மேலே. வலிக்க வலிக்கப் பதில் சொல்ல வேண்டும். கடைசிச் சுற்றில் பதில் தப்பினால் பரிசுப் பொருளையே கண்ணெதிரே நாசம் செய்வார்கள். எங்கள் நிகழ்ச்சியில் பரிசை உடைக்கவில்லை. அது வேறு வழியில் கரைந்தது, அப்புறம் சொல்கிறேன்.

ஆள் எடுத்தது திருச்சியில், ஒரு கல்யாண மண்டபத்தில். பொது அறிவுக்கு நாலே கேள்விதான். மற்ற நேரமெல்லாம் நம்மைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கத்துகிற ஆளா, கூச்சப்படுகிற ஆளா என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. படிவத்தில் 'எதைக் கண்டால் பயம்?' என்று இருந்தது. ஏதோ நம் பாதுகாப்புக்குக் கேட்கிறார்கள் என்று நம்பி 'பல்லி' என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் போனால் 'அல்வா' என்று எழுதுங்கள்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து பூந்தமல்லி பக்கம் ஒரு ஸ்டுடியோ. காலை 7 மணிக்கு வரச் சொன்னவர்கள் சட்டையில் மைக் மாட்டியது இரவு 9 மணிக்கு. நடுவில் ஆறு பக்கம் ஆங்கிலத்தில் ஒப்பந்தம். அடிபட்டால் அவர்கள் பொறுப்பில்லை, எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், ஒளிபரப்பாகும் வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. பசி மயக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்களை இன்னும் ஃப்ளோருக்குள்ளேயே விடவில்லை, அதற்குள் பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதைத் தனியாக எடுத்து முடித்திருந்தார்கள்.

முதல் சுற்று மிளகாய். ஒரு பச்சை மிளகாயைக் கடித்து மென்றுகொண்டே ஐந்து கேள்விக்குப் பதில். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தேன், எரிச்சல் வாய் முழுக்கப் பரவியதுதான் மிச்சம். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. பால், தயிர்தான் கேட்கும். இது தெரிந்த மதுரைக்காரப் பெரியம்மா ஒருவர் மேக்கப் அறையில் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து அசராமல் ஐந்துக்கு ஐந்து சொன்னார். 'தம்பி, உனக்கும் ஒரு வாய் எடுத்து வெச்சேன், நீ மாட்டேன்னுட்ட' என்றார்.

இரண்டாவது சுற்றில் கண்ணைக் கட்டி, ஒரு பெட்டிக்குள் கையை விடச் சொன்னார்கள். ரப்பர் பல்லிகள்தான். ஆனால் விளக்கெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்கள். விரல் பட்டதும் ஒன்று வழுக்கி முழங்கைப் பக்கம் ஏறியது. அந்த நேரம் பார்த்து ஆங்கர், 'தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது?' என்றார். வரையாடு என்பது எனக்கு நாலாம் வகுப்பிலிருந்தே தெரியும். வாய் திறந்து நான் சொன்ன பதில், 'பல்லி!'

தப்பான பதிலுக்கு முட்டை. மண்டையில் 'சடக்' என்று ஒன்று உடைந்து, வெள்ளைக்கரு காதுக்குள் இறங்கியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சரி, முடிந்தது என்று நினைக்கும்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: 'ஒன் மோர்!' இரண்டாவது கேமரா என் முகத்தைத் தவறவிட்டுவிட்டதாம். தலையைத் துடைத்து, பவுடர் போட்டு, மறுபடி பல்லி என்று கத்தச் சொல்லி, மறுபடி முட்டை. முதல் முட்டையில் எனக்கு அவமானம் எதுவும் தெரியவில்லை. வரப்போவது தெரிந்தும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேனே, அந்த இரண்டாவது முட்டையில்தான் கூசிப்போனேன்.

இன்னொன்று, முட்டை பட்ட தலையை வெந்நீரில் அலசாதீர்கள். நான் கீசரைப் போட்டுவிட்டேன். முடியிலேயே வெந்து பொடிமாஸ் ஆகி, ஊர் வந்து சேரும் வரை சீப்பில் வந்துகொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கு முதல் பரிசு. எனக்கு இரண்டாவது, 40,000 ரூபாய் ஃபிரிட்ஜ். வாழ்த்துச் சொன்ன கையோடு ஒரு பையன் வந்து, '12,000 கட்டணும் சார், கட்டினாத்தான் டெலிவரி' என்றான். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். விசாரித்தால், சட்டமே அப்படித்தான். இப்படிப்பட்ட போட்டிகளில் 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் பிடித்தம். பரிசு பொருளாக இருந்தால் அந்த வரியைக் கட்டிய பிறகே கையில் கொடுப்பார்கள். நம் சம்பளம் வரி வரம்புக்குள்ளேயே வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. மச்சானிடம் கடன் வாங்கிக் கட்டினேன்.

ஒளிபரப்பில் நான் வந்தது மொத்தம் நாலைந்து நிமிடம். ஆனால் 'பல்லி!' மட்டும் ஒரு வாரம் விளம்பரத்தில் ஓடியது. அம்மா ஒவ்வொரு தடவையும், 'வரையாடுன்னு எனக்கே தெரியுமேடா' என்றாள். பக்கத்து வீட்டுப் பொடியன் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ரப்பர் பல்லியை ஒட்டிவிட்டுப் போனான். எடுக்கப் போனால் அம்மா விடவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது.