கேட்காத சந்தா

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காகச் சேலம் வந்திருக்கிறேன். அக்கா மகன் அடுத்த மாதம் படிப்புக்காக அமெரிக்கா கிளம்புகிறான். செவ்வாய்பேட்டை வீட்டுத் திண்ணையில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, அங்க போய் எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று கேட்டான். குளிரும் சாப்பாடும் தானாகப் பழகிவிடும். நான் அவனுக்குச் சொன்னது ஒரு பத்திரிகைச் சந்தாவைப் பற்றி.

2016. ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் என் முதல் குளிர்காலம். பூட்ஸ் வாங்கிய கடையில், மூன்று இதழ் இலவசம், பிடித்தால் மட்டும் சந்தா என்று ஓர் அட்டையை நீட்டினார்கள். முகவரி எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது இதழ் வந்ததும் போன் செய்து வேண்டாம் என்றேன். சரி என்றார்கள். நம் ஊர் பேப்பர்காரரிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அடுத்த மாதம் 39 டாலர் 95 சென்ட்டுக்குப் பில் வந்தது. மறுபடி போன், மறுபடி சரி. அப்புறம் வந்தது கடன் வசூலிக்கும் ஏஜென்சியின் கடிதம்.

அந்தக் கடிதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அமெரிக்காவில் நமக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். பாக்கித் தொகைக்கு நேராக அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது.

போனில் சொன்னதும் அப்பா பதறிவிட்டார். "கட்டிப் போடு கண்ணு. இத்தன வருசம் வெள்ளிப் பட்டறை நடத்துறேன், ஒருத்தன் நம்மளக் கடன்காரன்னு சொன்னதில்ல." கொஞ்சம் நிதானித்து, "வேண்டாம்னு எழுதிக் குடுத்தியா, வாய்ல சொன்னியா?" என்றார். வாயால்தான் சொன்னேன் என்றேன். "எழுதாத கணக்கு அழுதாலும் தீராது, சாமி."

பக்கத்து பிளாட் மதுரை அக்காதான் வழி காட்டினார். அங்கே 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஏஜென்சியின் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள், இது என் கடன் அல்ல என்று எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்தியாக வேண்டும். நம் கிரெடிட் கார்டிலிருந்து அவர்களே பணத்தை எடுத்திருந்தால் வேறு வழி: அந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

நாலே வரிதான் எழுதினேன். இரண்டு முறை போன் செய்த தேதிகளைக் குறிப்பிட்டு, நான் சந்தாவுக்குச் சம்மதித்ததற்கு ஆதாரம் கேட்டேன். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நம் ஊர் பதிவுத் தபால் மாதிரியான சர்டிஃபைடு மெயிலில் அனுப்பினேன். சில நாளில் அவர்கள் கையெழுத்தோடு பச்சை நிற ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்தான் கிரெடிட் ஸ்கோர். புதிதாகப் போனவர்களுக்கு அது என்றாலே பயம். வாடகை வீட்டுக்கும் கார் கடனுக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். நாற்பது டாலர்தானே என்று கட்டிவிட்டவர்களை எனக்கே தெரியும். அந்தப் பயத்தை நம்பித்தான் இப்படிப்பட்ட பில்களை அனுப்புகிறார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் எழுதிய கடிதத்தின் நகல் வேண்டும் என்றான் அக்கா மகன். அப்பா எழுந்து உள்ளே போனார். என் முதல் விடுமுறையிலேயே கேட்டு வாங்கி, பட்டறைக் கணக்கு நோட்டுகளோடு வைத்திருந்தார். பச்சை அட்டையும் அதிலேயே குத்தியிருந்தது.